இரண்டு குடும்பங்களுக்கு ஓர் உறுதி

ஹட்டன் பேருந்து நிலையத்திலிருந்து மேலேறும் வீதியொன்றில், மேல்வீடும் கீழ்வீடுமாக நிற்கும் பழைய கட்டடம் ஒன்றை அக்கா குடும்பமும் நாங்களும் சேர்ந்து கடந்த மார்ச் மாதம் வாங்கினோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா வாழ்நாள் முழுவதும் உழைத்த தோட்டத்தில் ஒரு முழ நிலத்துக்குக்கூட எங்கள் வீட்டில் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இருந்ததில்லை. ஆகவே இந்த வீட்டின் சுவர்களைப் பார்த்த நேரத்தைவிட அதன் பத்திரங்களைப் படித்த நேரமே அதிகம்.

காணி ஒன்பது பேர்ச்சஸ்; ஏறத்தாழ 2,450 சதுர அடி. ஆளுக்குப் பாதியாகப் பிரித்து இரண்டு உறுதிகள் எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். நகரப் பகுதியில் பொதுவாக ஆறு பேர்ச்சஸுக்குக் குறைவான துண்டை வீட்டுக்காணியாகப் பிரிக்க அனுமதி கிடைக்காது என்று நில அளவையாளர் விளக்கியபோதுதான் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். மாடிவீடுகளைத் தனித்தனி உரிமையாக்க 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அதற்கு முறையான கட்டட அனுமதி வேண்டும், இங்கோ பின்புறச் சமையலறை அனுமதியின்றி நீட்டப்பட்டிருந்தது. எனவே இப்போதைக்கு எந்தப் பகுதி யாருக்கு என்று பிரிக்காமல், ஆளுக்குப் பாதி பிரிபடாப் பங்காக, ஒரே உறுதியில் எழுதிக்கொண்டோம்.

பிரிபடாப் பங்கில் உள்ள இடரை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பங்காளர் ஒருவர் தம் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கும் தொடரலாம், பிரிக்க இயலாத ஆதனமாயின் நீதிமன்றம் அதை விற்கவும் கட்டளையிடலாம். ஆகவே எங்களுக்குள் எழுத்தில் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்றேன். "நமக்குள்ள எழுத்து எதுக்கும்மா?" என்று அத்தான் கேட்டார். அவர் மனம் வருந்தியதை நான் உணர்ந்தேன். ஆனால் அவருக்கும் அக்காவுக்கும் என்மேல் இருக்கும் அன்பு, நாளை எங்கள் பிள்ளைகள் நால்வருக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இறுதியில் அக்காவே முன்வந்து கையெழுத்திட்டாள். கீழ்வீடு அவர்களுக்கு, மேல்வீடு எங்களுக்கு. கூரை, மலக்குழி, பின்பக்க அணைச்சுவர் ஆகியவற்றின் செலவு சரிபாதி. விற்க நேர்ந்தால் முதலில் மற்றவருக்கே விலை சொல்ல வேண்டும். இவற்றை நொத்தாரிசு முன்னிலையில் தனி உடன்படிக்கையாக எழுதினோம்.

காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டு வரலாற்றைத் தேடியெடுப்பதற்கு முன் அச்சாரம் கொடுக்காதீர்கள். இதற்கு முன் நாங்கள் விரும்பிப் பார்த்த வீட்டை, சகோதரர் மூவரில் ஒருவர் மட்டும் தனியே விற்க முயன்றது அந்தத் தேடலில்தான் தெரிந்தது. வீதியை அகலமாக்க ஒதுக்கிய எல்லை காணிக்குள் வருகிறதா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் நகர சபையில் பெற வேண்டும். எங்கள் முன் விறாந்தை வீதிக்கோட்டுக்குள் விழுவதால் அதன்மேல் அறை எழுப்பும் திட்டத்தை விட்டோம். விலை குறைத்துக் கேட்கவும் அதுவே காரணமாயிற்று. முத்திரை வரியையும் கணக்கில் சேருங்கள்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமும் என்பதால், ஒரு கோடி ரூபாய் பெறுமதிக்கு 399,000 ரூபாய் ஆகும்.

வீட்டைப் புதுப்பிப்பதைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும், மலைநாட்டில் அது வீட்டின் பின்னால் வெட்டப்பட்ட மண்திட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தரகர் எங்களை வெயில் நாளில் அழைத்துச் சென்றார். நாங்கள் அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு மறுபடியும் போனோம். அப்போதுதான் கருங்கல் அணைச்சுவரின் நீர்த்துளைகளை யாரோ சீமெந்தால் அடைத்திருந்ததும், உள்ளே தேங்கிய நீரின் அழுத்தத்தால் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளி நின்றதும் கண்ணில் பட்டன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை மறக்காத எவரும் இதைச் சிறு குறையென்று கடந்து செல்ல மாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டட வேலை செய்ய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றிதழ் தேவை. அவர்களின் அதிகாரி வந்து பார்த்துச் சொன்ன பிறகே விலையை முடித்தோம்.

உள்ளே ஈரம் ஊறியதற்கும் சீமெந்துதான் காரணம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சு உப்பி உதிரும். பூச்சை உரித்துச் சுண்ணாம்பே பூசத் தெரிந்த முதிய மேசன் ஒருவர் கிடைத்தது எங்கள் நல்வாய்ப்பு. பலாமரக் கதவுகளையும் நிலைகளையும் அவர் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

நீர்த்துளைகளைத் திறந்து, வயிறு தள்ளிய பகுதியைப் பிரித்துக் கட்டி, அடியில் கான் வெட்டி முடித்தாயிற்று. கூரைப் பீலியும் மாற்றியாயிற்று. இரண்டு குடும்பங்களும் ஒரே மின்மானியில் இருந்தால் அலகுகள் கூடிக் கட்டண வீதமும் ஏறும் என்பதால், மேல்வீட்டுக்குத் தனி மின்மானி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். அது கிடைக்கும்வரை இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் அக்காவின் சமையலறையில்தான்.