கூலன்ட் மாற்றும்போது பிளாக்குக்குள் நிற்கிற தண்ணீர்

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு சார், தண்ணியே போதும்" என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். என்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலன்ட் குளிரில் உறையாது, அதை மட்டும் நினைத்துச் சொல்கிறார்கள். பனி இல்லைதான். ஆனால் கூலன்ட்டின் முக்கியச் சரக்கான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் அது கொதிக்க 107 டிகிரி வரை ஆகும், மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் ஓடும்போது அதற்கும் மேலே போகும், மே மாத டிராஃபிக்கில் ஏசி போட்டுக்கொண்டு நிற்பவருக்கு இதுதான் வேண்டும். துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நாளாக ஆக அந்த மருந்துதான் தீர்ந்துபோகும், நிறம் அப்படியே பளிச்சென்று இருக்கும், அதனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையேட்டில் போட்டிருக்கிற கணக்குப்படி மாற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இருக்குமே, அதே வெள்ளைப் படிவு இருக்கும்.

காலையில், என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஆரம்பியுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டு இல்லை. ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற டிரெயின் காக், அதாவது கூலன்ட்டை இறக்கும் திருகு, பெரும்பாலும் பிளாஸ்டிக், பழைய வண்டியில் பிளையர் வைத்துத் திருகினால் உடைந்து கையோடு வந்துவிடும். இறுகிப்போயிருந்தால் விட்டுவிட்டு கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்துங்கள். முதலில் நூல் மாதிரிதான் ஒழுகும், மேல் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று கொட்டும், பேசின் தயாராக இருக்கட்டும்.

இனிமேல்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ரேடியேட்டரைக் காலி செய்தால் பாதிதான் வெளியே வரும், மீதி என்ஜின் பிளாக்குக்குள்ளேயே நிற்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்கி, தெளிவாக வரும்வரை அலசுகிறீர்கள், சரி. அப்புறம் பிளாக்கில் நிற்பது வெறும் தண்ணீர்தானே? மொத்தம் 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதில் 2 லிட்டர் உள்ளே தண்ணீராகவே இருக்கிறது. மேலே 2 லிட்டர் ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே பாதி தண்ணீர் கலந்து விற்பது) ஊற்றினால் கிளைக்கால் கால்வாசிக்குமேல் தேறாது. அலசிய வண்டிக்கு கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காதது) வாங்குங்கள், 2 லிட்டரும் அதுவே போகட்டும், அப்போதுதான் பாதிக்குப் பாதி வரும். அலசாமல் வெறுமனே இறக்கி ஏற்றுபவருக்கு ரெடிமிக்ஸே போதும், ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற அதே வகையாக இருக்க வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்து வகையைச் சொல்லிவிட முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஊற்றியபின் மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் விடுங்கள். குமிழி வரும், தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்புங்கள். ஃபேன் ஓடியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே ஏர் லாக், அதாவது காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் காற்று வெளியேற வசதி. ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டிகளில் நிரப்புவது கூலன்ட் டேங்க் வழியாகத்தான், அதற்குக் கையேட்டைப் பாருங்கள்.

இறக்கிய கூலன்ட்டை சாக்கடையில் ஊற்றாதீர்கள், திறந்த பேசினில் விட்டும் போகாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். கேனில் ஊற்றி மூடி ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது சகஜம். தினமும் இறங்கினால் வாட்டர் பம்ப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.