கில்பெக்கின் நாயும் முயலும்

கில்பெக் ஆலயத்துக்கு ஆராதனை இல்லாத நாளில் போனது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் நேரே உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன். சுவரை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன்.

கில்பெக், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுஷையரில் வேல்ஸ் எல்லைப் பக்கத்துச் சிற்றூர். ஆலயத்துக்கு மேற்கே பழைய கோட்டை இருந்த மேடு புல் மூடிக் கிடக்கிறது. அந்தக் கோட்டைக்காரர்களில் ஒருவரான ஹியூ, 1134இல் கில்பெக் ஆலயத்தை குளோஸ்டர் மடத்துக்குக் கொடுத்தார். இப்போதுள்ள செம்மணற்கல் ஆலயம் 1140 வாக்கில் எழுந்தது. புனித மரியாள், புனித தாவீது பெயர்களைத் தாங்கியது. சங்கீதக்காரத் தாவீது அல்ல, அதே பெயர் கொண்ட வேறொரு புனிதர்.

தெற்கு வாசலில் கால் நின்றுவிட்டது. கதவுக்கு மேலே அரைவட்டக் கல்லில் ஜீவ விருட்சம். நிலைக்கால்களில் பாம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறங்குகின்றன. கொடிகளுக்கிடையே மெலிந்த வீரர்கள் சிக்கியிருக்கிறார்கள். ஒரு தூணின் தலையில் மனித முகம். அதன் வாயிலிருந்து கொடி கிளம்புகிறது. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டாக மழையில் நனைந்தும் இலை நரம்பைக்கூட எண்ணலாம்.

இந்தச் சிற்பப் பாணியின் வேர் எது? ஆலிவர் டி மெர்லிமண்ட் என்பவர் ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்து, இதே மாவட்டத்தில் ஷாப்டன் ஆலயத்தைக் கட்டினார். வழியில் கண்டவற்றின் சாயல் அதன் சிற்பங்களில் படிந்தது என்பார்கள். கில்பெக் வேலைப்பாடும் அதே வகையறா. யாத்திரை போனவர் கண்ணில் சுமந்து வந்தது கல்லாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கூரை விளிம்பின் கீழே சுற்றிலும் உருவங்கள் செதுக்கிய கல் தாங்கிகள், 85 மிஞ்சியிருக்கின்றன. தேவ ஆட்டுக்குட்டி, இசைக் கருவி வாசிப்பவர், பெயர் சொல்ல முடியாத மிருகங்கள். நாணமில்லாமல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவும் உண்டு. இச்சைக்கு எச்சரிக்கை என்பார் சிலர், தீமையை விரட்டும் காவல் என்பார் வேறு சிலர். முதலில் எனக்கும் முகம் சுளித்தது. பிறகு 148ஆம் சங்கீதம் நினைவுக்கு வந்தது. மிருகம், ஊரும் பிராணி, பறவை எல்லாவற்றையும் அது துதிக்கக் கூப்பிடுகிறது. யாரையும் தேர்ந்தெடுத்து நிறுத்தவில்லை.

உள்ளே மூன்றே பகுதிகள்: மக்கள் அமரும் கூடம், அதற்கடுத்த சிறு அறை, முடிவில் அரைவட்டமான பீடப் பகுதி. கூடத்திலிருந்து சிறு அறைக்குப் போகும் வளைவின் இருபுறமும் மும்மூன்று புனிதர்கள், ஒருவர் தலைமேல் ஒருவராக. வெளியே அவ்வளவு இரைச்சல், இங்கே அவ்வளவு அமைதி. மண்டியிட்டேன். கேட்கப் பட்டியலோடு வந்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க நின்ற சுவரோரம் அண்ணாந்தால், ஒரே கல்லில் ஒரு வேட்டை நாயும் முயலும். நாயின் காது தொங்குகிறது, கண் உருண்டை. பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் முயலுக்குத் துளியும் பயமில்லை. செதுக்கியவர் பெயர் எங்கும் இல்லை. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.