மின்சாரம் போனால் மறக்க வேண்டியவை

மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அதன் அருமையைத் திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள்.

கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான சாதாரண ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஆராயும் எம்-ரேம் என்ற காந்த நினைவகத்தில் இரண்டு காந்தப் படலங்கள், நடுவே அணுக்களை எண்ணிவிடலாம் போல மெல்லிய ஒரு காப்புப் படலம். காந்தங்கள் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறைவு, எதிரெதிராக நின்றால் அதிகம். அதுதான் பூச்சியமும் ஒன்றும். 1950களின் ஃபெரைட் வளைய நினைவகமும் காந்தம்தான். ஆனால் அதை வாசித்தாலே அழிந்துவிடும், வாசித்த கையோடு திரும்ப எழுத வேண்டும். எம்-ரேமில் அந்தத் தொல்லை இல்லை. 2006இல் ஃப்ரீஸ்கேல் நிறுவனம் 4 மெகாபிட் எம்-ரேம் சிப்பை விற்பனைக்கு விட்டது.

கைரேகைப் பக்கம் வந்தது இந்த நினைவகத்துக்கு ஒரு வேலை தேடித்தான். வரவு பதியும் மெஷினில் விரல் வைத்த நொடியில் கரண்ட் போனாலும் பதிவு நிற்க வேண்டும். பென் டிரைவில் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகமும் மறக்காதுதான், ஆனால் பகுதி பகுதியாக அழித்து எழுதும், எழுத எழுதத் தேயும். எம்-ரேம் அப்படியல்ல. சரி, கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். விரல்கள் முடியவிடவில்லை.

இந்த மெஷினில் விரலை வாசிக்கும் மின்தேக்கு உணரியில் ரேகையின் மேடு ஒட்டும், பள்ளத்தில் காற்று இருக்கும். அந்த வித்தியாசம்தான் படம். ஐஸ் பெட்டி தூக்கும் விரல் நனைந்து சுருங்கியிருக்கும், உப்பில் வேலை செய்யும் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கருவாட்டு வாடியில் வேலை செய்யும் ஒரு அக்கா கேட்டா: "தம்பி, நான் முன்னால நிக்கிறன், மெஷின் நான் இல்லையெண்டு சொல்லுதே?" பொருத்தத்தின் அளவுகோலைத் தளர்த்தினால் அவவை ஏற்கும், வேறு ஆளையும் அவவென்று ஏற்கக்கூடும். பக்கத்தில் ஒரு கையெழுத்துக் கொப்பி இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. விற்பவர்களுக்கு இது பிடிக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் என் சொந்தப் பொருளிலேயே இருந்தது. இந்த மெஷின்கள் பொதுவாகச் சேமிப்பது விரலின் படத்தையல்ல. ரேகை முடியும் இடம், கிளைக்கும் இடம் என்று சில புள்ளிகளைத்தான். ஆனால் அதுவும் திருட்டுப் போகக்கூடாத பொருள். கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரலுக்கு எங்கே போவது? ஒப்பிடும் நேரத்தில் அந்தப் புள்ளிகளை மறையாக்கம் என்ற பூட்டைத் திறந்துதான் வைக்க வேண்டியிருக்கிறது. சாதாரண ரேமில் மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் அவை மறைந்துவிடும். எம்-ரேமில் வைத்தால் அப்படியே இருக்கும். மெஷினைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

ஆகவே என் வடிவமைப்பில் எம்-ரேமுக்கு வருகைப் பதிவும் பூட்டிய வடிவிலான ரேகைப் புள்ளிகளும் மட்டும்தான். திறந்த புள்ளிகள் புரொசசருக்குள் இருக்கும், மின்சாரம் போனால் மறந்துவிடும் சின்ன எஸ்-ரேமில் இருக்கும். ஒப்பிட்டு முடிந்ததும் அதையும் நிரல் அழித்துவிடும். "அப்ப உங்கட காந்தத்துக்கு மிச்சம் என்ன?" என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டார். வரவுக் கணக்கும் பூட்டிய புள்ளிகளும், அவ்வளவுதான். அடுத்து, பூட்டின் சாவியை எந்தச் சிப்பில் வைப்பது என்பதில் இருவரும் இன்னும் இழுபறி.