மகனுக்கு வயிற்றளைச்சல்: தோட்ட லயத்திலிருந்து வார்ட்டு வரை

முதலில் வெறும் தண்ணியாகத்தான் போனது, கூடவே காய்ச்சல். அப்புறம் சீதத்தோடு இரத்தமும் வந்ததும் தோட்டத்தில் அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

டவுன் பார்மசியில் கேட்டால் வயிற்றோட்டத்தை நிறுத்த வில்லை கொடுப்பார்கள். இரத்தம் போகும்போது அது கூடவே கூடாதாம். குடல் அசையாமல் நின்றால் கிருமி உள்ளேயே தங்கிவிடும் என்றார் டாக்டர்.

வார்ட்டில் அவர்கள் அவசரப்பட்டது மலப் பரிசோதனைக்குத்தான். அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்பே எடுத்தால்தான் கிருமி சரியாக வளருமாம். சின்னப் போத்தல், மூடியோடு ஒட்டிய கரண்டி. சீதமும் இரத்தமும் உள்ள இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும், சிறுநீர் கலக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! ரிப்போர்ட் வர சில நாளாகும் என்பதால், போத்தல் போனதுமே மருந்து தொடங்கிவிட்டார்கள்.

மாமிக்குத்தான் பயம். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்டி" என்றார். "போறத விட கூட உள்ள போனா சரி" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார் நர்ஸ். ஜீவனி என்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். ஒரு நாள் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். மடமடவென்று குடித்தால் வாந்தி எடுத்தான், அதனால் கரண்டி கரண்டியாக விடிய விடியக் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டில் சிகெல்லா என்ற கிருமி. வழக்கமாகக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கான சிப்ரோபுளொக்சசினுக்கு அடங்காத சிகெல்லா இப்போது நிறைய உண்டாம். எந்த மருந்து கேட்கும் என்பதும் அதே ரிப்போர்ட்டில் இருந்தது.

வயிற்றளைச்சல் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். ஆஸ்பத்திரி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்துக்கு எழுதிவிட, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா லயத்துக்கே வந்துவிட்டார். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வேறு யாருக்கும் வயிற்றால் போகிறதா என்று விசாரித்தார். நூறு கிருமிகூட வேண்டாம், கழுவாத ஒரு கையே போதும் என்றார். சவர்க்காரம் எங்கே என்று கேட்டபோது ஆயம்மா அலுமாரியைத் திறந்து, உறை பிரிக்காத கட்டியை எடுத்துக் காட்டினார்.

லயத்துக்குத் தண்ணி வரும் பீலித் தொட்டியில் குளோரின் போட்டார்கள். கொஞ்ச நாள் மணந்தது, இப்போது மணமில்லை. தண்ணிக் குழாய் கக்கூஸ் குழிக்குப் பக்கத்தால்தான் இன்னும் வருகிறது. அதை மாற்றச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர் மூலமாக தோட்டத்து மனேஜர் துரைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை எங்கள் காம்பராவில் கொதிக்க வைத்த தண்ணிதான்.