“போடப் போடப் பழகிடும்” என்றார்கள்

எட்டாம் வகுப்பில் பாதி வருஷம் நான் தலைவலியோடுதான் பள்ளிக்கூடம் போனேன். காரணம், கண்ணாடிச் சீட்டில் யாரோ தப்பாகப் படித்த ஒரே ஒரு எண். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளைக்கு முதல்முறை கண்ணாடி வாங்கப் போகிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கண் சரியாகத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாது. போர்டு எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரியும், மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், அதனால் படித்துவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கணக்கு டீச்சர்தான் கண்டுபிடித்தார். பள்ளியில் நடந்த முகாமில் அட்டையின் உச்சியிலிருந்த பெரிய எழுத்தைத் தவிர எதுவும் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பவர் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ், கூடவே சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் பார்வை மங்குவதைச் சரிசெய்யும் பவர்.

“பொட்டப் புள்ளைக்கு இப்பவே சோடாபுட்டியா” என்று ஆயா ஒரு பாட்டம் அழுதது. அம்மா காதில் வாங்கவே இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர், அட்வான்ஸ் வாங்கி வந்து ஆர்டர் கொடுத்தார். கடைக்காரர் சீட்டை வாங்கி பில் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டார். அதைத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கண்ணாடி வந்தது. தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரிந்தது, சந்தோஷம்தான். ஆனால் படிக்கட்டு ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் இடது புருவத்துக்கு மேல் வலி பிடித்துக்கொள்ளும். கடைக்குப் போய்ச் சொன்னோம். “புதுக் கண்ணாடின்னா அப்படித்தான் பாப்பா, போடப் போடப் பழகிடும்.” புதுக் கண்ணாடி பழக நாலு நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் ஆகும் என்பது உண்மைதான். அதற்கு மேலும் வலித்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. மாசக்கணக்கில் வலித்தும் எல்லோரும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். வலி தாங்காமல் கழற்றி வைத்தால் வகுப்பில் திட்டு.

பவர் எழுதிக் கொடுத்த இடத்துக்கே திரும்பப் போனோம். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பழைய சீட்டு?”

“கடையில இருக்கு சார்.”

“சீட்டு இல்லாம முடியாது. அடுத்தது வாங்க.”

சரி என்று கடைக்கு வந்தால், தேடணும், அப்புறம் வாங்க என்றார்கள். அம்மாவுக்கு அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

எதிர்வீட்டு அக்காதான், “எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க, புதுசா ஓ.பி. சீட்டு போட்டுக்கலாம்” என்றார். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது; ஆயாவின் ஆயா காலத்திலும் கண் வலி என்றால் அங்கேதான் போயிருப்பார்கள். எங்கள் பக்கம் அப்போது மெட்ரோ கிடையாது. தண்டையார்பேட்டையில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி, காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிட்டோம்.

சோதித்த அக்கா முதலில் என் கண்ணைப் பார்க்கவில்லை, கண்ணாடியைக் கேட்டார். லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைக் கோடு கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்பி, லென்ஸில் மூன்று மைப் புள்ளி வைத்தார். அப்புறம்தான் கண்ணைச் சோதித்தார். வலது கண்ணுக்கு லென்ஸ் சரி. இடது கண்ணுக்கு ஆக்சிஸ் 10 இருக்க வேண்டும். லென்ஸில் 100 இருந்தது.

சிலிண்டர் பவருக்குத் திசை உண்டு. அதைத்தான் ஆக்சிஸ் என்பார்கள், 1 முதல் 180 வரை எழுதுவார்கள். திசை 30 டிகிரி தப்பினாலே சிலிண்டர் போட்டும் பிரயோஜனமில்லை. 90 டிகிரி தப்பினால் இருந்த குறை இரண்டு மடங்காகும். எனக்குத் தப்பியது 90. “இதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா படிச்சே?” என்று அந்த அக்கா கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்கு. பில் புத்தகத்தை எங்கள் முன்னாலேயே பிரிக்க வைத்தார் அம்மா. சீட்டு செருகிய இடத்திலேயே இருந்தது. 10-க்குப் பக்கத்தில் டிகிரிக்காகப் போட்டிருந்த குட்டி வட்டத்தைப் பூஜ்யமாகப் படித்து 100 ஆக்கியிருந்தார்கள். அதற்கு மேல் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. காசு வாங்காமல் லென்ஸ் மாற்றிக் கொடுத்தார்கள். அதையும் மெஷினில் வைத்துக் காட்டிய பிறகுதான் அம்மா கையில் வாங்கினார். கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை போர்டில் போன் நம்பர்வரை படித்தேன். படிக்கட்டும் நேராக இருந்தது.

இப்போது என் மகளும் கண்ணாடி போடுகிறாள். டாக்டரிடம் ஆக்சிஸை 010 என்று மூன்று இலக்கத்தில், டிகிரி வட்டம் போடாமல் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். சீட்டு கைக்கு வந்ததும் போட்டோ எடுத்துவிடுகிறேன். கண்ணாடி வாங்கும்போது கடை லென்ஸ்மீட்டரில் வைத்து, சீட்டோடு ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்த பிறகுதான் பாக்கிப் பணம். கேட்கக் கூச்சப்படாதீர்கள், எந்தக் கடையிலும் ஐந்து நிமிஷ வேலை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து போடாமல் மெஷினில் மட்டும் பார்த்துப் பவர் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் தன்னையறியாமல் கண்ணை முறுக்கிப் பார்ப்பதால் மைனஸ் கூடுதலாகக் காட்டும். ஆனால் மருந்து போட்ட அன்றைக்குக் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். பரீட்சைக்கு முந்தின நாள் கூட்டிப் போகாதீர்கள். எனக்கு நடந்த தப்பு நாலைந்து வயதுப் பிள்ளைக்கு நடந்தால் தலைவலியோடு போகாது; அந்தக் கண்ணின் பார்வையே வளராமல் சோம்பேறிக் கண்ணாகிவிடக் கூடும். வருஷத்துக்கு ஒரு செக்கப்பைத் தள்ளிப் போட வேண்டாம், பள்ளிக்கூட வயதில் மைனஸ் பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

மகளின் மிஸ்ஸிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: அவள் வகுப்பில் கண்ணாடியைக் கழற்றினால் திட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.