நூறு ரூபாய்த் தாளின் இரண்டாவது வரி

மதுரையில் இருக்கும் தோழி போன வாரமும் வாட்ஸ்அப்பில் அதே படத்தை அனுப்பியிருந்தாள். எங்கள் மொரீஷியஸ் நூறு ரூபாய்த் தாள். அதில் ‘நூறு ரூபாய்’ என்ற தமிழ் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே ‘தமிழன்டா’ என்று ஒரு வரி. அங்கே நான் படித்த காலத்துப் பழக்கம் இது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யார் மூலமாவது அந்தப் படம் அவளுக்கு வரும், அவளிடமிருந்து எனக்கு வரும். இந்த முறை ஒரு கைகூப்பை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அந்தத் தாளில் முதலில் ஆங்கிலம். அதற்குக் கீழே தமிழ். அதற்கும் கீழே இந்தி. தமிழ் எண்ணும் உண்டு. விலையைச் சொல்ல ஓர் எண் போதுமே, பிறகு எதற்கு மூன்று வரி? பந்தியில் யாருக்கு இலை உண்டு, யார் எந்த இடத்தில் உட்காரவேண்டும் என்பதைத்தான் அந்த வரிகள் சொல்கின்றன. தினமும் பத்துக் கை மாறும் காகிதத்தில் இருப்பதால் யாருக்கும் அது உறுத்துவதில்லை. இடம் மாறினால்தான் தெரியும்.

1998-இல் மாறியது. அந்த வருஷம் வந்த புதுத் தாள்களில் இந்தி இரண்டாவது, தமிழ் மூன்றாவது. அப்பாவுக்கு ரோஸ்ஹில்லில் தையல்கடை. சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனிதர். அன்றைக்கு ஒரு தாளைத் துணி வெட்டும் பலகையில் விரித்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் கடைசி வரிக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டார். “நம்மளை ஒரு படி கீழே இறக்கிட்டாங்க” என்றார். அவர் அதைச் சொன்னது தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில். அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வளைந்து வளைந்து இருப்பது நம்முடையது, மேலே கோடு இழுத்தது அவர்களுடையது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வித்தியாசம். அது போதுமாக இருந்தது.

தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999-இல் தமிழ் பழைய இடத்துக்கே வந்தது. ஒரு தாளை மட்டும் அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை. திருக்குறள் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மதுரைத் தோழி கேட்கலாம். எங்கள் அரசியலமைப்பு மக்களை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்’. தமிழருக்கென்று தனிப் பிரிவு கிடையாது, இந்துவுக்குள் அடக்கம். தேர்தல் கணக்கில் நாங்கள் தனியாகத் தெரிய மாட்டோம். தைப்பூசக் காவடிக்கு ஒரு நாள் அரசு விடுமுறை, பணத்தாளில் ஒரு வரி, இப்படிச் சில இடங்களில்தான் தெரிவோம். அதில் ஒன்றை எடுத்துக் கீழே வைத்தால் வலிக்கத்தான் செய்யும். அப்பாவின் கோபத்தை நான் இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இந்தியாவின் பணத்தாளில் பதினைந்து மொழிகளை ஒரு கட்டத்துக்குள் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். அசாமி முதலில், உருது கடைசியில். யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனால் இந்தியும் ஆங்கிலமும் அந்தக் கட்டத்துக்கு வெளியே, பெரிய எழுத்தில். உண்மையான வரிசை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊரில் இரண்டு நியாயங்கள் மோதின. 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பீகார்ப் பக்கத்துக்காரர்களே அதிகம், எனவே எண்ணிக்கைப்படி இந்தி முன்னால் என்பது ஒரு நியாயம். பிரெஞ்சுக்காரரான லா பூர்தொன்னே 1735-இல் ஆளுநராக வந்த காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் வந்து தலைநகர் போர்ட் லூயியைக் கட்டினார்கள், முன்னால் வந்தவனுக்கு முன்வரி என்பது எங்கள் நியாயம். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தேன். வகுப்பிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சரி, முன்னால் வந்தவர்களுக்குத்தான் முன்வரி என்றால், மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்? டச்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே மடகாஸ்கர் அடிமைகள் இந்தத் தீவில் இருந்தார்கள். அவர்கள் வாயில் உருவான கிரியோலைத்தான் இன்று தமிழர், பீகாரி, சீனர் எல்லோரும் பேசுகிறோம். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வீட்டில் பேசுவது கிரியோல் என்றுதான் சொன்னார்கள். பணத்தாளில் அதற்கு ஒரு வரி கிடையாது. பள்ளியில் ஒரு பாடமாக அது நுழைந்ததே 2012-இல்தான். இரண்டாவது வரியா மூன்றாவது வரியா என்று நாங்கள் மல்லுக்கட்டியபோது, வரியே இல்லாதவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு உறைக்கவே இருபது வருஷம் ஆயிற்று.

தாள்களின் முகங்களையும் வரிசையாகப் பாருங்கள். 25-இல் சீன வம்சத்து ஆ-சுவென், 50-இல் பிரெஞ்சு வம்சத்துப் பத்துரோ, 100-இல் நம் ரெங்கநாதன் சீனிவாசன், 200-இல் அப்துல் ரசாக் முகமது, 500-இல் பிசூன்டோயால், 1000-இல் அந்த அடிமைகளின் வம்சத்தவரான கிரியோல்களின் தலைவர் காயெத்தான் துவால், 2000-இல் முதல் பிரதமர் ராம்கூலம். எல்லாச் சமூகத்துக்கும் ஆள் இருக்கிறது என்று தாள்கள் சொல்கின்றன. ஏழு பேரில் ஒரு பெண்கூட இல்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

என்னை மாற்றியது சந்தை. புதன்கிழமை கீரை வாங்கப் போனேன். வழக்கமாக நான் வாங்கும் கிரியோல் அம்மா, “ப்ரெட் முரும் நல்லா இளசா இருக்கு, பிப்பங்காய் வேணாமா?” என்று கேட்டார். ப்ரெட் என்றால் கீரை. முரும் என்பது முருங்கை. பிப்பங்காய் என்பது பீர்க்கங்காய். எத்தனையோ தடவை கேட்ட சொற்கள்தான். அன்றைக்குக் கையில் நூறு ரூபாய்த் தாளோடு நின்றதால் பளிச்சென்று பட்டது. தாளில் இருக்கும் தமிழை அந்த அம்மாவும் படிக்கவில்லை, என் அப்பாவும் படித்ததில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிய தாத்தா படம் மாதிரி அது இருக்கிறது. தீவு முழுக்க வாயில் நடமாடும் தமிழோ கிரியோலுக்குள் இருக்கிறது. முருங்கையையும் பீர்க்கங்காயையும் இருநூறு வருஷத்துக்கு மேல் சுமந்துவந்த மொழிக்கு ஒரு வரி கொடுத்தால் தமிழுக்கு எதுவும் குறையாது.

அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். “கிரியோலைச் சேர்த்தால் எந்த வரியில்?” என்று கேட்டார். அவருக்கும் அதுதான் முதல் கேள்வி. “நமக்கு மேலேயே இருக்கட்டும்” என்றேன். “அப்பா இருந்தா உன்னை வீட்டுக்குள்ள விட மாட்டார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரே திருக்குறளைப் பிரித்து அப்பாவின் தாளை எடுத்தார். சாக்கட்டிக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கிரியோலில் நூறு ரூபாய்னு எப்படி எழுதுவாங்க?” என்றார். கையில் அகப்பட்ட கடைச் சீட்டின் பின்பக்கம் ‘சான் ரூப்பி’ என்று இப்போது பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் எழுத்துமுறையில் எழுதிக் காட்டினேன். அறுபது வருஷமாகத் தினமும் வாயில் சொல்லிவரும் சொல். இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன் என்றார்.