ஓசியான் கோயில்களுக்குக் கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

வேலூர் வெயிலையே தாங்குகிறோம், ராஜஸ்தான் என்ன பெரிசு என்று மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்போதே உடம்பு எச்சரித்துவிடும். தார்ப் பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். தலைவலி வந்த பிறகுதான் நீர் வற்றியது புரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். அப்போதும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் முழுதாக 1 லிட்டரில் கரையுங்கள். அரை பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடி, தாகம்தான் அதிகமாகும். ராத்திரிக் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம்.

ஓசியான், ஜோத்பூரிலிருந்து வடக்கே சுமார் 65 கிலோமீட்டர். பஸ், டாக்ஸி இரண்டும் உண்டு. ஜனவரியில் காட்பாடியில் ஆறரைக்கெல்லாம் விடிந்துவிடும். அங்கே ஏழேகால் தாண்டும். ஜோத்பூரில் ஆறு மணிக்குக் கிளம்பினால் முதல் வெயிலுக்குப் போய்ச் சேரலாம்.

எல்லாரும் நேரே குன்றின் மேலுள்ள சச்சியா மாதா என்ற அம்மன் கோயிலுக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், காலை வெயிலை ஹரிஹரர் கோயில்களுக்குக் கொடுங்கள். காஞ்சி கைலாசநாதர் எழுந்த அதே 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வட இந்தியாவை ஆண்ட பிரதிஹார அரசர்கள் காலத்து வேலை. உயரமான மேடை, அதன் மேல் சுவரெல்லாம் மணற்கல் சிற்பம். கண்ணன் கோவர்த்தனத்தைத் தூக்குவதும் குதிரை வடிவில் வந்த கேசியை அடக்குவதும் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடும். சாய்வாக விழும் வெயிலில்தான் அந்த விரல்களும் மடிப்புகளும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஒரு மணி நேரமாவது கொடுக்காமல் நகராதீர்கள்.

அடுத்து மகாவீரர் கோயில். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: சமணக் கோயிலுக்குள் தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதுவும் கூடாது. துணிப் பர்ஸோடு போவது நல்லது. சாப்பாட்டுப் பொட்டலமும் உள்ளே வேண்டாம். உள்மண்டபக் கூரை இருட்டு, ஆனால் பார்க்க வேண்டிய வேலைப்பாடு அங்கேதான். காவலரிடம் கேட்டுவிட்டு டார்ச் அடியுங்கள்.

சச்சியா மாதா கோயில் கடைசியில். வரிசையாக நிற்கும் தோரண வளைவுகளின் கீழே படியேறுவதே தனி அழகு. நவராத்திரியில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்; ஓஸ்வால் என்ற வணிகச் சமூகத்தாரின் குலதெய்வம், கூட்டம் நெரியும். செருப்பைக் கீழேயே விட வேண்டியிருப்பதால் தடித்த பருத்தி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். நைலான் வேண்டாம், சூட்டில் காலோடு ஒட்டும்.